பேய்ப்பாறைப் பக்கம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மரக்கலம் மூன்றாவது பதிப்பு இன்று காலை வெளிவந்தது. நான் பல் துலக்கி முடிப்பதற்குள் எங்கள் வழிகாட்டியில் பாதிப் பக்கம் பொய்யாகிவிட்டது.

குடத்தைத் தூக்கிக்கொண்டு போன என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

"முத்துத்தீவை வடக்க தள்ளி வெச்சுட்டாங்க. பேய்ப்பாறையில பாறையெல்லாம் இடம் மாறிட்டு."

"யாரும் சாகலையே?" என்று கேட்டுவிட்டு மோட்டார் போடப் போய்விட்டார். இன்று தண்ணீர் வருகிற நாள். இவருக்குக் கயத்தாறு பக்கம் காற்றாலையில் வேலை. உயரத்தில் ஏறுகிறவர்களுக்குப் பதற்றம் சட்டென்று வராது போலிருக்கிறது.

என்றாவது ஆதிரை இந்த டைரியைப் படித்தால் அம்மாவுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைக்கக் கூடாது. அதனால் எழுதிவைக்கிறேன். மரக்கலம் என்பது ஒரு கணினி விளையாட்டு. அதற்கு நீளமான இங்கிலீஷ் பெயர் உண்டு. தமிழில் ஆடுகிற எல்லோரும் மரக்கலம் என்றுதான் சொல்கிறோம். கையில் ஒரு பழைய பாய்மரப் படகு இருக்கும். தீவு தீவாகப் போக வேண்டும், மீன் பிடிக்க வேண்டும், படகிலேயே சமைக்க வேண்டும், கிழிந்த பாயைத் தைக்க வேண்டும், முடிவில் கடைசித் தீவுக்குப் போய்ச் சேர வேண்டும். எப்படிப் போவது என்று ஆடுகிறவர்களே கூடி எழுதிவைக்கிற இணையதளம்தான் வழிகாட்டி. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். ஒரு காலத்தில் தமிழ் வழிகாட்டியைப் பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணம், வேலை, வேறு விளையாட்டு என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியது இரண்டு பேர். ஒன்று நான், கோவில்பட்டியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் செண்பகவடிவு. இன்னொன்று மட்டக்களப்பில் புவியியல் வாத்தியாராக இருக்கும் சயந்தன். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

சயந்தனிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, எல்லாம் பிழையாப் போச்சு. நான் தீவுகளைப் பார்க்கிறன். நீங்க கடலைப் பாருங்க."

ஆக, கடல் முழுவதும் என் தலையில்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வேலை. மாவு அரைத்தேன். மூன்று பக்கம் திருத்தினேன்.

ஆகஸ்ட் 6, புதன்

வழிகாட்டிக்கு ஒருவர் எழுதியிருக்கிறார். "உங்கள் பக்கத்தை நம்பி ஆழமான துறை என்று நினைத்துப் போனேன். தரை தட்டிப் படகு உடைந்தது. இரண்டு மாத உழைப்பு. மிக்க நன்றி."

அந்த 'மிக்க நன்றி' நாள் முழுக்கக் குத்திக்கொண்டே இருந்தது. ஒரு பக்கமே இல்லை என்றால் ஆள் ஜாக்கிரதையாகப் போவார். பழைய பக்கம் இருந்தால் தைரியமாகப் போய் மூழ்குவார். அதனால் திருத்தாத பக்கங்கள் எல்லாவற்றின் தலையிலும், "இது பழைய பதிப்பு. நம்ப வேண்டாம்" என்று சிவப்புப் பட்டையாகப் போட்டேன். சயந்தனுக்கு அழுகை வந்துவிட்டதாம். "எங்கட பிள்ளைகளுக்கு நாங்களே சூடு வைக்கிற மாதிரிக் கிடக்கு" என்று எழுதினான்.

இன்று ரத்தம் எடுக்க வந்த ஒரு பெரியவரிடம், சட்டைக் கையை ஏற்றுங்கள் என்பதற்குப் பதிலாக, "பாயை ஏத்துங்க ஐயா" என்று சொல்லிவிட்டேன். அவர் பெஞ்சில் பாயைத் தேடினார்.

ஆகஸ்ட் 9, சனி

பேய்ப்பாறை முடிந்தது!

கடைசித் தீவுக்கு முந்திய இடுக்கு அது. இரண்டு பக்கமும் பாறை, நடுவில் சுழல். வழிகாட்டியிலேயே அதிகம் பேர் படிக்கிற பக்கம். முதலிலிருந்து நான் எழுதியது. பாறை எல்லாம் இடம் மாறிவிட்டதால் மறுபடி முதலிலிருந்து எழுதினேன். ஆறு வரைபடம். ஐந்து நிறத்தில் அம்புக்குறி. சிவப்பு வழி சின்னப் படகுக்கு, பச்சை வழி பெரிய படகுக்கு, இப்படி.

பாராட்டுக்காக நான் எழுதுவதில்லை. சாயங்காலம் வரை அடிக்கடி பக்கத்தைத் திறந்து பார்த்தது படங்கள் சரியாகத் தெரிகின்றனவா என்று சோதிப்பதற்காக.

இரண்டு பேர் கைதட்டல் போட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையிலேயே எரிச்சல். பேய்ப்பாறைப் பக்கத்தின் கீழே ஜெசிந்தா என்ற பெயரில் ஒரு புகார்.

"இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் போய் மூழ்கினேன். சிவப்பு அம்புக்குறியைப் பின்தொடரவும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எங்கே போகிறது என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. அம்புக்குறிக்கே தெரியாதா?"

படத்தில் தெளிவாக இருக்கிறது என்று மரியாதையாகவே பதில் போட்டேன். படத்தில் இருப்பதை எழுத்தில் சொல்லுங்கள் என்று வந்தது. இத்தனை நாள் உழைப்பில் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லக் கூடாதா? சாம்பாருக்குப் பருப்பு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. ஒரு கையால் அடுப்பை அணைத்துக்கொண்டே மறு கையால் தட்டினேன்: "ஐந்து நிறத்தில் போட்டிருக்கிறேன். கண்ணைத் திறந்து பார்த்தால் தெரியும்."

பதில் உடனே வந்தது.

"இரண்டும் திறந்துதான் இருக்கின்றன. பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. எழுத்தில் சொல்லுங்கள்."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆதிரை கபடிப் பயிற்சி முடித்து மண்ணும் வியர்வையுமாக வந்து, "யம்மா, எதுக்கு அழுத?" என்றாள். வெங்காயம் என்றேன். இன்று சாம்பாரில் வெங்காயமே போடவில்லை.

மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதினேன். அதற்கு வந்த பதில் இவ்வளவுதான்: "நான் வக்கீல். இதைவிட மோசமாகக் கேட்டுப் பழக்கம். மன்னிப்பு வேண்டாம், பக்கத்தைத் திருத்துங்கள்." கீழே ஒரு போன் நம்பர்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இரண்டு நாளாகக் கூப்பிடத் தைரியம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வேலை இருந்தது.

இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து கூப்பிட்டேன். கணீர் என்று ஒரு குரல்.

"யாரு, கண்ணைத் திறக்கச் சொன்ன மேடமா?"

"மேடம், நான் அன்னைக்கு..."

"அட விடுங்க. அந்த வரியை என்கூட ஆடுத மூணு பேருக்கும் வாசிச்சுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சோம்."

ஜெசிந்தா பாளையங்கோட்டையில் வக்கீல். ஹாஸ்டலில் உடன் படித்த பார்வையற்ற தோழிகள் மூன்று பேரும் இவளும் சேர்ந்து மரக்கலம் ஆடுகிறார்கள். எப்படி என்று கேட்கத் தயங்கினேன். அவளே சொன்னாள்.

"ஹெட்போனை மாட்டிக்கிடுவேன். அலை பாறையில மோதுத சத்தம் இடது காதுல பெருசாக் கேட்டா, பாறை இடது பக்கம். கடற்காக்கா கத்தினா கரை பக்கத்துல. பாய் படபடன்னு அடிச்சா காத்து மாறிட்டு. எழுத்தா வாரதை எல்லாம் கம்ப்யூட்டரே வாசிச்சுச் சொல்லிரும். இவ்வளவு போதும். பேய்ப்பாறையில ஒரு மிதவை மணி கிடக்கு பாத்திருக்கீங்களா?"

"ஆமா. மஞ்சள் கலர்."

"எனக்கு அது டிங்னு ஒரு சத்தம். அதை நேரா நெத்திக்கு வெச்சுப் போனா சுழல்ல மாட்டாம தப்பிக்கலாம். இப்ப பாறையெல்லாம் மாறிட்டதால, மணிக்கு அப்புறம் எங்க திரும்பணும்னு தெரியல. உங்க பக்கத்தைத் திறந்தேன். 'படம் ஒன்று, படம் இரண்டு'ன்னு கம்ப்யூட்டர் வாசிச்சுக்கிட்டே போகுது. கோர்ட்டுல சாட்சி கூண்டுல ஏறி நின்னு வாயைத் திறக்காத மாதிரி."

இத்தனை வருடமாக மரக்கலம் ஆடுகிறேன். எப்போதும் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் ஆடுவேன், வீட்டில் யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று. அந்த விளையாட்டில் கடற்காக்கா கத்தும் என்பதே எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. கொடியேற்றிவிட்டு மிட்டாயோடு வந்த ஆதிரையிடம் என் கண்ணைத் துப்பட்டாவால் கட்டச் சொன்னேன். ஹெட்போன் மாட்டிக்கொண்டு படகை எடுத்தேன்.

துறைமுகத்திலேயே மூழ்கினேன்.

மறுபடி. பாறையில் மோதினேன். மறுபடி. எங்கே போனேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆதிரை சிரித்துச் சிரித்துக் கட்டிலில் உருண்டாள். "நான் ஆடுதேன், குடு" என்று வாங்கி, தானும் கண்ணைக் கட்டிக்கொண்டு நேராகப் போய் ஒரு தூணில் இடித்தாள். இந்த விளையாட்டை இதுவரை அவள் தொட்டதில்லை. ஒரு இடத்தில் உட்கார்ந்து ஆடுவதெல்லாம் ஒரு ஆட்டமா என்பவள்.

இவர் வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அடுத்து எனக்கு" என்றார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பேய்ப்பாறைப் பக்கத்தை மறுபடி எழுதினேன். ஜெசிந்தா போனிலேயே இருந்தாள். நான் வழி சொல்லச் சொல்ல அவள் போய்ப் பார்ப்பாள்.

"கொஞ்ச தூரம் போய் வலது பக்கம்..."

"கொஞ்ச தூரம்னா? உங்க கொஞ்சமா, என் கொஞ்சமா?"

"மணிச் சத்தம் உங்க முதுகுப் பக்கம் போன உடனே வலது."

"இது பேச்சு!"

இப்படியே ஒவ்வொரு திருப்பமாகச் செய்தோம். நல்லது நடக்கும் நாளில் ஏதாவது ஒன்று கோணலாகப் போக வேண்டுமே. சயந்தன் பார்த்துவிட்டு, பக்கம் நீண்டுவிட்டது என்றான்.

"அக்கா, நீங்க செய்யிறது நல்ல விசயம். ஆனா எல்லாத்தையும் ஒரே பக்கத்துல போட்டா ஆக்கள் வாசிக்க மாட்டாங்க. பார்வை இல்லாத ஆக்களுக்கு எண்டு தனிப் பக்கம் ஒண்டு போடுவோம்."

நியாயமாகத்தான் பட்டது. ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவள் குரல் மாறிவிட்டது.

"தனிப் பக்கம் போடுவீங்க. சரி. அடுத்த பதிப்பு வரும். ரெண்டு பேரும் அடிச்சுப் பிடிச்சுப் பெரிய பக்கத்தைத் திருத்துவீங்க. எங்க பக்கத்தை யாரு திருத்துவா? அப்புறம் பாக்கலாம்னு வைப்பீங்க. அதுலதான் நாங்க போய் மூழ்குவோம். எனக்கு ஒரே பக்கம் போதும். எல்லாரும் படிக்குத பக்கம்."

சிவப்புப் பட்டை இன்னும் எடுபடாத பக்கங்களை நினைத்துப் பார்த்தேன். அவள் சொன்னதைச் சயந்தனுக்கு அப்படியே எழுதினேன்.

"அப்ப நீங்களே பார்த்துக்கொள்ளுங்க அக்கா" என்று வந்தது.

பரவாயில்லை. பார்த்துக்கொள்வேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சயந்தன் எதுவும் எழுதவில்லை. பள்ளிக்கூடத்தில் பரீட்சையாக இருக்கும்.

ஆகஸ்ட் 20, புதன்

விளையாட்டை உருவாக்கியவர்கள் இன்று சின்னத் திருத்தம் ஒன்று விட்டிருக்கிறார்கள். பட்டியலில் கடைசி வரி: "பேய்ப்பாறை மிதவை மணியின் ஓசை நீக்கப்பட்டது. பலர் தொந்தரவு என்று சொன்னதால்."

அதைப் படித்ததும் ஜெசிந்தாவைத்தான் கூப்பிட்டேன். அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இப்பத்தான் போய்ப் பாத்துட்டு வாரேன். மிதவை அங்கதான் கிடக்கும், சத்தம் இல்ல. சுழலுக்குள்ள நேராப் போயிட்டேன்." ஹெட்போனைக் கழற்றி வைக்கிற சத்தம் கேட்டது. "நாலு பேரும் கடைசித் தீவுக்குச் சேந்து போகணும்னு இருந்தோம், வடிவு. அதுக்கு முந்தின இடத்துல கொண்டுவந்து நிறுத்திட்டாங்க."

மேடம் போய் வடிவு ஆகிவிட்டதைப் போனை வைத்த பிறகுதான் கவனித்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

உருவாக்கியவர்களின் குறை கேட்கும் தளத்தில் போடுவதற்கு ஜெசிந்தா இங்கிலீஷில் ஒரு மனு எழுதி எனக்கு வாசித்துக் காட்டினாள். "தவறும் பட்சத்தில்" என்று ஒரு பத்தி இருந்தது. அவர்கள் யாரோ குளிர்நாட்டில் நாலைந்து சின்னப் பிள்ளைகள், பயந்துவிடுவார்கள் என்றேன்.

"பயப்படட்டும்."

"அப்புறம் மணியோட படகையும் சேத்துத் தூக்கிருவாங்க."

சிரித்துக்கொண்டே அந்தப் பத்தியை எடுத்தாள். மணி யாருக்குத் தொந்தரவோ அவர்கள் அணைத்துக்கொள்ளட்டும், வேண்டியவர்களுக்கு இருக்கட்டும். இதுதான் மொத்தக் கோரிக்கை. போட்டாயிற்று.

நிலையத்தில் என்னோடு வேலை பார்க்கும் மல்லிகா, "யாருட்ட அக்கா தெனம் மாடிப்படில உக்காந்து சிரிச்சுப் பேசுதீங்க?" என்று கேட்டாள். பிரெண்டு என்றேன். சொன்ன பிறகு அந்த வார்த்தை வாயில் புதிதாக இருந்தது. இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்ததிலிருந்து யாரையும் அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை. வேலை, வீடு என்று நேரமே இருப்பதில்லை, அதனால்தான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

பதில் இல்லை. குளிர்நாட்டிலிருந்தும் இல்லை, மட்டக்களப்பிலிருந்தும் இல்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. காலையிலேயே கொழுக்கட்டை செய்து, ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு, ஆதிரையோடு பஸ் ஏறிப் பாளையங்கோட்டை போனேன்.

ஜெசிந்தா நான் நினைத்ததைவிடக் குள்ளம். குரலைக் கேட்டு ஆறடி என்று நினைத்திருந்தேன். கதவைத் திறந்ததும், "கொழுக்கட்டை வாசம் வருது. பூரணமா, உப்பா?" என்றாள். இரண்டும் என்றேன். "அப்ப உள்ள வாங்க."

வீட்டில் அவளும் அவள் அக்காவும்தான். அக்கா நர்ஸ், டியூட்டிக்குப் போயிருந்தாள். கணினித் திரை துணி போட்டு மூடியிருந்தது. "எனக்கு எதுக்கு, தூசிதான் படியும்" என்று உருவி எடுத்தாள்.

அவள் ஆடுவதை முதல் முறையாகப் பார்த்தேன். நான் படகை ஓட்டும்போது விசையை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே இருப்பேன். அவள் கையைத் தொட்டும் தொடாமலும் வைத்திருந்தாள். தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. தீவுகளைக் கடந்து வெண்ணெய் போல வந்தது படகு. பேய்ப்பாறை வந்தது. மிதவை ஊமையாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் நின்றாள், கேட்டாள், மெல்லப் போனாள். சுழல் இழுத்துக்கொண்டது.

மறுபடியும் அதேதான். மறுபடியும். ஆதிரை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி, சாப்பிட்டுட்டு மூழ்குவோம்" என்றாள் ஜெசிந்தா. கொழுக்கட்டையைக் கடித்துக்கொண்டே, மற்றொரு கையால் படகிலும் சோறு பொங்கினாள். ஆட்டத்தில் பசி வந்தால் படகு வேகம் குறையும், அதனால் சமைத்துத்தான் ஆக வேண்டும். சமைத்து முடிந்ததும் கரண்டியால் சட்டியை ஒரு தட்டுத் தட்டுவது வழக்கம். டணங் என்று ஒரு சத்தம் வரும்.

தட்டினாள். கொழுக்கட்டையை மெல்லுவதை நிறுத்தினாள்.

மறுபடி தட்டினாள்.

"வடிவு, இது ரெண்டு தடவை கேக்கு."

"எது?"

"சட்டி. முன்னாடி ஒரு தடவைதான் கேக்கும். இப்ப தட்டினா, போய்த் திரும்பி வருது. எதிரொலி!" கன்னத்தில் ஒட்டிய தேங்காய்ப்பூவோடு ஹெட்போனை இறுக்கினாள். "பொறு. இடது பக்கம் திருப்புதேன்... டணங். உடனே வந்துட்டு. பாறை கிட்ட. வலது பக்கம்... டணங்... லேட்டா வருது. நேரா..." தட்டினாள். "நேரா வரவே இல்ல. அங்கன பாறையே இல்ல!"

நான் திரையைப் பார்த்தேன். அவளுக்கு நேரே பாறைக்கும் சுழலுக்கும் நடுவில் ஒரு படகு அளவுக்கு வழி. என் வரைபடத்தில் சிவப்பு அம்புக்குறி போட்டிருந்த அதே வழி. வாயைத் திறக்கப் போனேன், ஆதிரை என் தொடையைக் கிள்ளினாள்.

டணங். கொஞ்சம் போனாள். டணங். திருப்பினாள். சட்டியைத் தட்டித் தட்டியே இடுக்கு முழுவதையும் கடந்து மறுபுறம் வந்துவிட்டாள். பாறை எல்லாம் முடிந்து திறந்த கடல் விரிந்ததும் மூவரும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். அவருக்கும் ஒரு கொழுக்கட்டை கொடுத்தோம்.

"கடைசித் தீவு அந்தா இருக்கு. போ" என்றேன்.

"இன்னைக்கு வேண்டாம். அவங்க மூணு பேரும் வரட்டும். நாலு பேரும் சேந்துதான் போவோம்." படகுக்கு நங்கூரம் போட்டுவிட்டுக் கடைசிக் கொழுக்கட்டையை எடுத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் ஆதிரை என் தோளில் தூங்கிவிட்டாள். நான் யோசித்துக்கொண்டே வந்தேன். மூன்றாம் பதிப்பில் எதிரொலியைச் சேர்த்திருக்கிறார்கள். எந்தப் பட்டியலிலும் அதைச் சொல்லவில்லை. எந்த மொழி வழிகாட்டியிலும் அது இல்லை. கண் தெரிகிற யாருக்கும் சட்டியைத் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டிய தேவை வரவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பேய்ப்பாறைப் பக்கத்தை இந்த முறை ஜெசிந்தாவே எழுதினாள். 'சட்டி வழி' என்று தலைப்பு வைத்து மேலே போட்டாள். என் ஆறு படங்களும் கீழே போய்விட்டன.

எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. படம் கீழே இருந்தால்தான் பக்கம் சீக்கிரம் திறக்கும்.

சாயங்காலம் சயந்தனிடமிருந்து, இத்தனை நாளுக்குப் பிறகு, ஒரு குரல் செய்தி.

"அக்கா, கோவிக்காதீங்க. நான் தனிப் பக்கம் போடுவோம் எண்டு சொன்னது பிழை. இண்டைக்கு அந்தச் சட்டி வழியை வாசிச்சிட்டு, மூடுபனிக்குள்ள பேய்ப்பாறைக்குப் போனன். உங்களுக்குத் தெரியுமே, பனி விழுந்தா திரை முழுக்க வெள்ளை. ஒரு அம்புக்குறியும் உதவாது. ரெண்டு வருசமா பனி விலகும் மட்டும் காத்துக்கொண்டுதான் நிண்டிருக்கிறன். இண்டைக்குக் கண்ணை மூடிக்கொண்டு தட்டித் தட்டிப் போய்ச் சேர்ந்திட்டன். அந்த அக்காவிட்ட சொல்லுங்க. இல்ல, நம்பரத் தாங்க, நானே கதைக்கிறன்."

மூன்று முறை கேட்டேன். குரல் தெளிவாக இல்லை, அதனால்தான்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஜெசிந்தாவும் சயந்தனும் பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், மறுபடி பேசுகிறார்கள். "உங்க தம்பி வடக்கு, தெக்குன்னே எழுதுதாரு. எனக்கு இடது, வலதுன்னு வேணும்" என்று எனக்குப் புகார். "அந்த அக்கா என்னைக் குறுக்கு விசாரணை செய்யிறா" என்று அவனிடமிருந்து புகார். தீவுப் பக்கங்கள் ஒவ்வொன்றிலும் எழுத்து வழி ஏறிக்கொண்டிருக்கிறது. பாதிச் சிவப்புப் பட்டை எடுபட்டுவிட்டது.

போர்த்துக்கீசிய வழிகாட்டிக்காரர்கள் சட்டி வழியை மொழிபெயர்த்துப் போட அனுமதி கேட்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 5, வெள்ளி

குளிர்நாட்டுப் பிள்ளைகளிடமிருந்து பதில் வந்தது. மணியை அடுத்த திருத்தத்தில் திருப்பித் தருகிறார்கள். வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ளலாம். எதிரொலியை ஆசைக்காகச் சேர்த்தார்களாம். அதை வைத்து ஒருவர் இடுக்கைக் கடப்பார் என்று அவர்கள் நினைக்கவே இல்லையாம். அவர்கள் அலுவலகத்தில் எல்லோரும் கண்ணை மூடி முயன்று பார்த்து மூழ்கினார்களாம்.

"கேஸ் ஜெயிச்சாச்சு" என்றாள் ஜெசிந்தா. "ஞாயித்துக்கிழமை எல்லாரும் எங்க வீட்டுக்கு வாராங்க. நீ போன்ல இரு."

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையிலேயே சமையலை முடித்துவிட்டுப் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தேன். இவர், ஆதிரை, நான். மட்டக்களப்பிலிருந்து சயந்தனும் அதே அழைப்பில். அந்தப் பக்கம் பாளையங்கோட்டையில் நாலு பெண்கள், நாலு படகு, ஒரே நேரத்தில் நாலு சட்டி.

எங்களுக்கு எதுவும் கண்ணுக்குத் தெரியாது, கேட்கத்தான் முடியும்; ஆட்டத்தின் சத்தத்தையும் அழைப்பில் சேர்த்திருந்தார்கள். டணங், டணங் என்று சத்தம். "ஏட்டி, என் மேல இடிக்காத!" "நான் எங்க இடிச்சேன், அது பாறை!" "பாறைன்னா நீதான், தள்ளு!" ஒருத்தி சுழலில் மாட்டி மறுபடி முதலிலிருந்து வர, மற்ற மூவரும் மறுபுறத்தில் காத்திருந்து கதை பேசினார்கள். இவர் தேநீரை ஆறவிட்டுவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

நாலு பேரும் கடந்தார்கள். திறந்த கடல். கடற்காக்காக்கள் கத்தின, எனக்கு இப்போது அது கேட்கிறது. நங்கூரச் சங்கிலி நாலு முறை கடகடத்தது. கடைசித் தீவு.

பிறகு சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. அலை இல்லை, காற்று இல்லை, எதுவும் இல்லை.

"வடிவு," என்றாள் ஜெசிந்தா, குரல் இறங்கி. "ஆட்டம் அப்படியே தொங்கிப்போச்சு. நாலு பேருக்கும்."

"இல்ல, தொங்கல. சூரியன் உதிக்குது."

"என்னது?"

"கடைசித் தீவுல சேந்த உடனே சூரியன் உதிக்கும். கடல் முழுக்க முதல்ல ஊதாவா, அப்புறம் ஆரஞ்சா, நாம வந்த வழி முழுக்கப் பின்னாடி தெரியும், தீவெல்லாம் ஒவ்வொண்ணா..."

"அதுக்கு ஒரு சத்தம் வைக்கக் கூடாதா? நெசத்துல விடிஞ்சா காக்கா கத்தும், பால்காரர் மணியடிப்பாரு, அக்கா பாத்திரத்தை உருட்டுவா. இங்க ஒண்ணுமே இல்ல. எனக்கு உயிரு போயி உயிரு வந்துட்டு." அவளுக்குப் பின்னால் மற்ற மூவரும் சிரிப்பது கேட்டது. "எவ்வளவு நேரம் உதிக்கும்?"

"கொஞ்ச நேரம்."

"உன் கொஞ்சமா, என் கொஞ்சமா? சரி, உதிக்கட்டும். இருக்கோம்."

இருந்தார்கள். நாங்களும் இருந்தோம். அது முடிந்ததும் கோயில் திருவிழா மாதிரி மேளச் சத்தம் எழுந்தது. அந்தப் பக்கம் நாலு பேரும் கத்தினார்கள், இந்தப் பக்கம் ஆதிரை மேசையைத் தட்டினாள், சயந்தன் விசில் அடித்தான்.

"இதை முதல்ல பக்கத்துல போடு வடிவு" என்றாள் ஜெசிந்தா, கூச்சலுக்கு நடுவே. "அடுத்து வாரவ பயந்துபோய் நிறுத்திருவா."

போனை வைத்ததும் போட்டேன். "கடைசித் தீவில் நங்கூரம் இட்டதும் சத்தம் எல்லாம் நின்றுவிடும். ஆட்டம் தொங்கவில்லை. சூரியன் உதிக்கிறது."

துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தபோது சயந்தன் திருத்தியிருந்தான்: "கிழக்கில் சூரியன் உதிக்கிறது."

காய்ந்த துணியை மடித்து வைத்துவிட்டு வந்து பார்த்தபோது ஜெசிந்தா திருத்தியிருந்தாள்: "உங்கள் இடது பக்கம் சூரியன் உதிக்கிறது. காத்திருங்கள்."

நான் கை வைக்கவில்லை. அதுதான் சரி.